சின்ன அறைக் கதவின் தாழ்ப்பாள்

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

நான் அப்பவே சொன்னேன். சபைக்குப் பின்னால் சும்மா கிடந்த பழைய கிடங்குக்கு வெள்ளையடித்து, 'வாலிபர் மையம்' என்று பலகை மாட்டின அன்றே உன் அண்ணியிடம் சொன்னேன், "இது சரிப்பட்டு வராது, எழுதி வைத்துக்கொள்" என்று. அவள் எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தால் இன்றைக்குச் சாட்சியாக இருந்திருக்கும். இப்போது நடக்கிறது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

நீ அங்கே முதியோர் இல்லத்தில் யாரையோ பெற்றவர்களுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கிறாய். உன் மகளை என்னிடம் விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. பதினைந்து வயசு அவளுக்கு. நான் அவளை 'வக்கீல்' என்று கூப்பிடுவது சும்மா இல்லை. "சாப்பிட்டியாம்மா?" என்றால் "ஏன் கேக்குறீங்க?" என்பாள். அப்படிப்பட்டவள் இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போகிறாள். தினமும். வீடு வர ஆறரை. வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. நம் வீட்டுச் சிரிப்பு இல்லை, வெளியில் பிடித்துக்கொண்டு வந்த சிரிப்பு.

"அங்க என்னம்மா பண்றீங்க?"

"வீட்டுப்பாடம், கேரம், ஜெபம், பேச்சு."

"என்ன பேச்சு?"

"பேச்சுதான் மாமா."

பேச்சுதானாம்! ஆறு மாதமாகத் தீராத பேச்சு.

மையத்தை நடத்துகிறவள் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். இன்னும் கழுத்தில் விசில் தொங்குகிறது. பிள்ளைகள் 'விசில் அக்கா' என்கிறார்கள். ஐம்பது வயசுக்காரி, அக்காவாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் இருபத்தாறு வருஷமாகப் பூட்டோடும் சாவியோடும் குப்பை கொட்டுகிறவன். கதவைப் பார்த்தால் போதும், உள்ளே இருக்கிறவன் குணத்தைச் சொல்லிவிடுவேன். ஒரு நீதிபதி வீட்டு இரும்புப் பெட்டியைத் தலையில் குத்துகிற ஊசியால் திறந்து கொடுத்துவிட்டு, "ஐயா, நீங்க வீட்டம்மாவுக்குப் பயந்தவரு" என்றேன். மனிதர் எழுந்து நின்று கை கொடுத்தார். அந்தக் கண்ணால் இதையும் பார்த்தேன்.

ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவன், உள்ளே ஒரு சுற்று சுற்றினேன். வாசலில் எண் போட்ட துணிப்பைகள். பிள்ளைகள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏன்? வெளியே தகவல் போகக்கூடாதே! மேஜைமேல் ஒரு மரப்பெட்டி, பெயர் ஜெபப்பெட்டி. மனசில் கிடப்பதைச் சீட்டில் எழுதிப் போட்டால் அந்த அம்மாள் படித்து ஜெபம் பண்ணுவாளாம். நாற்பது வீட்டு ரகசியம் ஒரே பெட்டியில். பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். புதுசு, ஒரு சாண் நீளம். வக்கீலும் அந்த அம்மாளும் உள்ளே. தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியே பதினோரு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் வக்கீல் அவளை 'அம்மா' என்றே கூப்பிடுகிறாளாம், அப்படியும் ஒரு கேள்வி.

நீ பயப்படாதே. நான் இருக்கிறேன்.

உன் அண்ணன்

* * *

ஜூன் 15

அண்ணா,

நீ இருக்கிறாய் என்பதுதான் என் பயம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கூட வேலை செய்கிறவளுக்கும் படித்துக் காட்டினேன். நீதிபதி கை கொடுத்த இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன தடவை நீ சொன்னபோது அது இரும்புப் பெட்டி இல்லை, குளியலறைக் கதவு. நீதிபதியும் இல்லை, நீதிமன்றத்து டிரைவர்.

போனில் உன்னோடு பேசுவதில்லை என்று ஏன் முடிவு செய்தேன் என்பது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வருஷத்துக்கு முன்னால், "பிள்ளைக்கு மூச்சு வாங்குது, மூக்கில குழாய் சொருகியிருக்காங்க" என்றாய். நான் போட்டது போட்டபடி ஓடி வந்தேன். அவள் மொட்டைமாடியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். வந்தது சாதாரணச் சளி. திரும்பிப் போனபோது என் இடத்தில் வேறொருத்தி. அன்றைக்குத்தான் சொன்னேன், இனி எதுவானாலும் எழுது என்று. போனில் உன் கதைக்கு வால் முளைத்துவிடும். காகிதத்தில் இருந்தால் வாலைப் பிடித்துக் கேட்கலாம்.

இப்போது பிடித்துக் கேட்கிறேன். தாழ்ப்பாள் கதவுக்கு உள்பக்கம். போட்டிருந்தது என்கிறாய். நீ வெளியே. எப்படிப் பார்த்தாய்?

இதைப் புளுகு என்று தள்ளிவிட ஒரு நிமிஷம் போதும். ஆனால் இது என் பிள்ளை, அண்ணா. நூற்றில் ஒன்று உண்மையாக இருந்தால்? ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடமே கேட்டேன், "அந்த மையத்துல உன்னை எதாவது தொந்தரவு பண்றாங்களா?" என்று. சட்டென்று, "மாமா எதாவது சொன்னாரா?" என்றாள். அப்புறம் எதற்கும் 'ம்', 'ம்ம்'. மறைக்கிறாளா, கோபமா, புரியவில்லை. அந்த விசில் அம்மாளை நான் பார்த்ததுகூட இல்லை. மூன்று வருஷமாக என் மகள் என்னிடம் சொல்லாததை ஒருத்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால் எனக்கும் வயிறு எரிகிறது. அதனாலேயே உன்னை நம்பிவிடுவேனோ என்று என்மேலும் சந்தேகம்.

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ உன் இரண்டு கண்ணால் பார்த்த வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு போடு. கேட்டது, நினைத்தது, சேர்த்தது எதற்கும் கோடு வேண்டாம். நான் திட்டமாட்டேன். கோடு போட்ட வரியை மட்டும் வைத்துக்கொண்டு நான் செய்யவேண்டியதைச் செய்வேன்.

தங்கை

* * *

ஜூன் 24

தங்கச்சி,

கூடப் பிறந்தவனைக் கூண்டில் ஏற்றிவிட்டாய். உன் மகளுக்கு வக்கீல் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

சரி. சிவப்புப் பேனா வாங்கி உட்கார்ந்தேன். உன் அண்ணி பக்கத்தில் வந்து, "என்ன, பரீட்சை பேப்பர் திருத்துறீங்களா?" என்றாள். "சத்தியத்தைத் திருத்துறேன், போ" என்றேன்.

'அம்மா' என்று கூப்பிடுவது: கோடு இல்லை. அது தையல்காரி சொன்னது. அவள், மையத்துக்குப் போகிற தன் மகன் சொன்னதாகச் சொன்னாள். அவன் எதற்கும் வாயைத் திறக்கிறவன் இல்லை, போகட்டும். பதினோரு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது: கோடு இல்லை. ஏழெட்டுப் பேர் இருந்திருக்கலாம், சிலர் கேரம் ஆடிக்கொண்டிருந்திருக்கலாம். துணிப்பை: கோடு. ஜெபப்பெட்டி: கோடு. நீதிபதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

தாழ்ப்பாள்: கோடு. ஒன்று இல்லை, இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பார்.

எப்படிப் பார்த்தாய் என்கிறாய். தாழ்ப்பாள்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? கதவைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பூட்டினால் ஒரு அசைவு, முட்டுக் கொடுத்தால் ஒரு அசைவு, தாழ்ப்பாள் போட்டால் ஒரு அசைவு. அப்புறம் அந்த அம்மாள் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அப்போது கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். நாலு ஸ்க்ரூவில் ஒரு சாண் தாழ்ப்பாள். வக்கீல் உள்ளே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முகத்தைத் துடைத்ததற்கும் கோடு போட்டுக்கொள். அது சத்தியமான சத்தியம்.

அண்ணன்

* * *

ஜூலை 5

அண்ணா,

அந்த இரண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் வேலை செய்தேன். ஒரு பெரியவருக்கு மாத்திரையைத் தப்பாகக் கொடுக்கப் போய், அவரே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

போதகருக்கு எழுதிவிட்டேன். அவர் நம் சபைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று அண்ணி சொன்னாள். நல்லது, யார் பக்கமும் சாயமாட்டார். துணிப்பையைப் பற்றியோ பெட்டியைப் பற்றியோ எழுதவில்லை. ஒரே ஒரு விஷயம்தான்: பிள்ளைகளோடு பெரியவர் தனியாக உட்காருகிற அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் என் மகளை உள்ளே வைத்திருந்தார், என் அண்ணன் கண்ணால் பார்த்தார். கீழே என் கையெழுத்து.

இது உண்மை என்று தெரிந்தால் அவளை அங்கிருந்து எடுத்துவிடுவேன். இங்கே என் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி இருக்கிறது. படிப்பில் ஒரு வருஷம் போகும். போகட்டும். அதுவரை அவளை அங்கே அனுப்பாதே.

இன்னொன்று. போன ஞாயிறு அவள் கேட்டாள், "ஆகஸ்ட்ல வர்றியாம்மா, நிஜமாவா?" என்று. நான் ஆகஸ்டில் வருவதாக யாரிடமும் சொன்னதில்லை. "யார் சொன்னாங்க?" என்றேன். போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டாள். உனக்குத் தெரியுமா?

தங்கை

* * *

ஜூலை 16

தங்கச்சி,

நான் சொன்னேனா இல்லையா? போதகர் சபையின் இரண்டு மூப்பர்களோடு போய்ப் பார்த்தார். நானும் போனேன், நிபுணன் என்ற முறையில். சின்ன அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை! ஆனால் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே தேய்த்திருக்கிறது. சாயத்துக்கும் அதற்கும் நிறம் ஒட்டவில்லை. மூத்த மூப்பர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினேன். ஆயிரம் வார்த்தைக்குச் சமம் அந்த ஆட்டல்.

"புகார் வந்ததும் கழட்டியிருக்காங்க" என்றார் அவர். என் வாயால் நான் சொல்லவில்லை, குறித்துக்கொள்.

பிள்ளைகளையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அந்தக் கதவு எப்பவும் தெறந்துதான் இருக்கும், டீ போடுற அம்மாவும் கூடவே உக்காந்திருப்பாங்க" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒரே மாதிரி சொன்னால் என்ன அர்த்தம்? யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை மட்டும் நான் மூப்பர் காதில் போட்டேன்.

விசில் அம்மாளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி விசாரணை. அதுவரை மையத்துக்குப் பூட்டு. என்னிடம்தான் வாங்கினார்கள், நல்ல பூட்டு. பிள்ளைகள் சாயங்காலம் வந்து கேட்டுக்கு வெளியே நடைபாதையில் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்காருகிறார்கள். போகச் சொன்னாலும் போவதில்லை.

வக்கீல் வீட்டில்தான் இருக்கிறாள். பத்திரமாக. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாள். ஒரே ஒரு தடவை வாசலில் நின்று சொன்னாள்.

"மாமா, அந்தக் கதவ யாரும் தாழ்ப்பாள் போட்டதே கெடையாது."

"நீ கவனிச்சிருக்க மாட்டேம்மா."

"நான் ஆறு மாசமா அந்த ரூம்ல உக்காந்திருக்கேன். நீங்க எத்தன நேரம்?"

சின்னப்பிள்ளை. உன் மகள்.

ஆகஸ்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிள்ளைகள் எதையாவது ஆசைப்பட்டுப் பேசும். இங்கே வெயில் அதிகம்.

அண்ணன்

* * *

ஜூலை 27

அண்ணா,

போதகர் எழுதியிருக்கிறார். நிதானமான மனிதர். ஒரு பக்கம்தான்.

அந்த அம்மாள் சொன்னதாக அவர் எழுதியது இது: பிள்ளைகள் இருக்கும் எந்த அறையையும் உள்ளிருந்து யாரும் அடைத்துக்கொள்ள முடியக்கூடாது என்று மையத்தில் ஒரு விதி செய்தார்களாம். அதற்காக மே மாதத்திலேயே ஏழு கதவிலிருந்தும் உள்தாழ்ப்பாள்களைக் கழற்றச் சொன்னாராம். கழற்றிக் கொடுத்தது பூட்டுக்காரர். மீதி போதகரின் வார்த்தையிலேயே: 'அந்தப் பூட்டுக்காரர் உங்கள் அண்ணன் என்கிறார் அவர். உங்கள் அண்ணனைக் கேட்டோம், தான் அந்த வேலைக்கு வரவே இல்லை என்கிறார். அப்போதிருந்த போதகர் மாற்றலாகிப் போய்விட்டார். ரசீது இல்லை. ஒரு வார்த்தைக்கு எதிராக ஒரு வார்த்தை நிற்கிறது, உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள்.'

எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது உன் இரண்டு சிவப்புக் கோடு மட்டும்.

ஜூன் 4 கடிதத்தில் 'ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவன்' என்று எழுதினாயே. என்ன வேலை? அதற்கு நீ கோடும் போடவில்லை, கோடு இல்லை என்றும் சொல்லவில்லை. தாண்டிப் போய்விட்டாய். உன்னைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். நீ பெரிசாகச் சொல்வதில் பயமில்லை. தாண்டிப் போகிற இடத்தில்தான் பயம்.

பத்தாம் தேதி என் கடிதத்தை வைத்துத்தான் அந்த அம்மாளை விசாரிக்கப் போகிறார்கள். என் கையெழுத்து அது. அவர் தப்புச் செய்திருந்தால் அவர் பிள்ளைகள் பக்கமே போகக்கூடாது. செய்யாமல் இருந்தால், பதினெட்டு வருஷம் பிள்ளைகளோடு இருந்த ஒருத்தியின் பெயரை நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அழித்திருக்கிறேன்.

கதை வேண்டாம். ஒரு வரி போதும். கழற்றினது நீயா?

தங்கை

* * *

ஆகஸ்ட் 5

தங்கச்சி,

ஒரு வரியில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்துவிட்டேன். நான் ஒரு வரியில் சொல்லிப் பழகினவன் இல்லை, நீ கொஞ்சம் பொறு.

முந்தாநாள் மத்தியானம் விசில் அம்மாள் கடைக்கு வந்தாள். கழுத்தில் விசில் இல்லை. விசில் இல்லாமல் பார்த்தால் சாதாரணமாக, ரேஷன் வரிசையில் நிற்கிற யாரோ மாதிரி இருக்கிறாள். நான் ஒரு சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தேன். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து, சொல்லவேண்டிய பதிலை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். நல்ல நல்ல பதில்.

"உக்காருங்க" என்றேன்.

"வேண்டாங்க. ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். பத்தாம் தேதி நான் வரல. வேலைய விட்டுட்டேன்னு போதகர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன். விசாரணை இல்லேன்னா மையத்தத் தெறந்துடுவாங்க, வேற யாரையாவது போட்டு. உங்க பொண்ணை அனுப்புங்க. அவளுக்குக் கணக்கு வரல, பரீட்சை வேற வருது. நடைபாதைல உக்காந்து எவ்வளவு படிப்பா?"

நான் தாழ்ப்பாளைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அடுக்கி வைத்ததில் முதலாவது.

"அத விடுங்க. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள். குரல்கூட உயரவில்லை. படி இறங்கினவள் திரும்பி நின்றாள். "அன்னைக்குக் கதவுக்குப் பின்னாடி நீங்க இருந்தீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அவகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவ தாங்கமாட்டா."

போய்விட்டாள். கையிலிருந்த சாவியை நான் அளவுக்கு மேல் அராவியதில், அது எந்தப் பூட்டுக்கும் சேராமல் போயிற்று.

எந்த அன்றைக்கு என்று கேட்பாய். மே மாதம் இருபதாம் தேதி. அன்றைக்கு நடந்ததை இதுவரை உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் என் ஆயுசிலேயே இது ஒன்றுதான்.

ஆறு கதவை முடித்துவிட்டுச் சின்ன அறைக்கு வந்தேன். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறந்து சுவர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். வக்கீல் உள்ளே வந்தது எனக்குத் தெரியாது. நான் இருப்பது அவளுக்கும் தெரியாது. அந்த அம்மாள் இருந்தாள், டீ போடுகிறவள் மூலையில் பாசிப்பயறு மாதிரி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். நம் பிள்ளை பேசினாள். வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன், இதில் என் கை ஒன்றும் இல்லை.

"அக்கா, எங்க மாமா சொல்றதுல எது நெஜம்னு எனக்குத் தெரியல. அம்மா அடுத்த மாசம் வர்றாங்கன்னு மூணு வருஷமா சொல்றாரு. ஒவ்வொரு தடவையும் நான் அலமாரில பாதி எடம் காலி பண்ணி வைக்கிறேன். அப்புறம் என் துணியையே எடுத்துத் திரும்ப அடுக்குறேன். அவர்மேல கோபம்கூட வரல. ஆனா அந்த வீட்டுல யார்கிட்டயும் எதையும் கேக்கணும்னு தோணல. அதான் இங்க வர்றேன்."

அப்புறம் அழுதாள். சத்தமில்லாமல். நம் வீட்டில் அவள் அழுது நான் பார்த்ததில்லை, அதனால் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் எழுந்து போன பிறகுதான் கதவுக்குப் பின்னால் இருந்த என்னை அந்த அம்மாள் பார்த்தாள்.

நீ வருவதாக நான்தான் சொன்னேன், தங்கச்சி. ஆகஸ்டும் நான்தான். அவள் முகம் வாடும்போதெல்லாம் ஒரு மாசத்தைச் சொல்வேன். உடனே பூத்துவிடும். பூக்கிறதைத்தான் பார்த்தேன். அலமாரியைத் திறந்து பார்த்ததில்லை.

அன்றைக்கு எனக்கு ஆத்திரம் வந்தது. என்மேல் வந்திருக்கவேண்டும். அந்த அம்மாள்மேல் வந்தது. என் வீட்டுப் பிள்ளை என்னைப் பற்றி அவளிடம் சொல்கிறாள், அவள் 'ஐயோ பாவம்' என்றுகூடச் சொல்லாமல், 'அப்படியா' என்று கேட்டுக்கொள்கிறாள். மறுபடி பிள்ளை எப்போது என்ன சொல்வாளோ, அந்த அம்மாள் உனக்கு எழுதிவிடுவாளோ என்று பயம். அந்தக் கதவை மூடவேண்டும் என்று ஆகிவிட்டது எனக்கு. நீ கோடு போடச் சொன்னபோது நிறுத்தியிருக்கலாம். பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடித்தேன். அப்புறம் போட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுத்தேன். பத்தாம் தேதி விசாரணை நடக்கட்டும், எனக்குத்தான் நடக்கட்டும் என்றேன். எல்லார் முன்னாலும் நானே படிப்பேன். விசில் அம்மாள் வேலையை விடுவதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. வக்கீலிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அவள் கையில் கொடுப்பேன், படிக்கட்டும். கதவுக்குப் பின்னால் நான் இருந்தது இதில் இருக்கிறது. மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்தால் இதுவும் இன்னொரு கதையாகிவிடும். நீ எப்போது வருகிறாய் என்பதை இனி நீயே அவளிடம் சொல், வரமுடியாது என்றால் அதையும் நீயே சொல்.

நீ கேட்ட ஒரு வரி. நான் எந்தத் தாழ்ப்பாளையும் பார்க்கவில்லை. அந்தக் கதவிலிருந்த தாழ்ப்பாளை மே மாதமே கழற்றி, நாலு ஓட்டையையும் அடைத்துத் தேய்த்தது நான்தான். நான் அங்கே இருந்த நேரம் முழுக்கக் கதவு திறந்தே இருந்தது.

அண்ணன்